பத்து மணிக்குக் காய்ந்திருக்கும்

அன்புள்ள முதல் பெஞ்சுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதைக் கிழித்துப் போடத் தோன்றும். தாராளமாகக் கிழி, ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி. நாளை காலை உன் வகுப்புப் பிள்ளைகளைக் கடலோர மணல் திட்டுக்குள் இறக்காதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மருத்துவமனை நர்ஸின் கைபேசியில் கூப்பிட்டேன்; என் குரலைக் கேட்டதும் பட்டென்று வைத்தாய். சரி, உன் தலைமையாசிரியரைப் பிடித்தேன். முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை அந்த மனுஷர். "டீச்சர், உங்க ரெண்டு பேர் சண்டையைக் கடலுக்குள்ள கொண்டு போகாதீங்க. நாளைக்குக் களப்பயணத்தைப் பாக்க அதிகாரிங்க வர்றாங்க, இப்பப் போய்க் குட்டையைக் குழப்பாதீங்க" என்றார். ஆசிரியர் பயிற்சி முகாமில் நமக்கு வகுப்பெடுத்த பயிற்சியாளரையும் விடவில்லை. அவரோ, "நீங்க சொல்றது சரிதான். அவங்க அனுபவசாலி, பாத்துக்குவாங்க. அடுத்த வாரம் எல்லா ஸ்கூலுக்கும் சுற்றறிக்கை அனுப்பிடுறேன்" என்றார். அடுத்த வாரமாம்! பிள்ளைகள் தண்ணீரில் இறங்கப் போவது நாளைக்கு. கைபேசி நர்ஸுடையது என்பதால் சுவரில் எறியாமல் திருப்பிக் கொடுத்தேன். இப்போது மருத்துவமனை வாசலில் நின்று உன் ஊர் வழியாகப் போகும் கடைசிப் பேருந்தின் நடத்துநரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கெஞ்சப் போகிறேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அடுத்த மாதம் என் வகுப்பையும் திட்டுக்கு அழைத்துப் போகவேண்டுமே, ஒத்திகை பார்த்துவிடலாம் என்று இன்று எங்கள் விளையாட்டு ஆசிரியரோடு போனேன். கையில் உன்னுடைய களப்பயணத் திட்டம். ஆமாம், முகாமில் பரிசு வாங்கியதே, அதேதான். பத்து மணிக்குக் கரையிலிருந்து புறப்பாடு, கழுத்தைத் தாண்டித் திட்டின் நுனி, மண் மாதிரி சேகரிப்பு, வரைபடம், பன்னிரண்டு மணிக்குத் திரும்புதல். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கரையையும் திட்டையும் சேர்க்கும் அந்த ஒடுங்கிய மணல் பாதைக்குக் கழுத்து என்று நீதானே பெயர் வைத்தாய். பத்து மணிக்கு அது நன்றாகக் காய்ந்து கிடந்தது. பேசிக்கொண்டே நடந்து போனோம்.

நுனியில் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தேன். விளையாட்டு ஆசிரியர் திரும்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நாம வந்த வழி எங்க?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வழியைக் காணோம்! எங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடினோம். கழுத்துக்கு வருவதற்குள் இடுப்பளவு, நடுவில் நெஞ்சளவு. அது மேலே ஏறியதுகூடப் பெரிதில்லை, பக்கவாட்டில் இழுத்த இழுப்புதான் உயிரை உலுக்கிவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவருடைய ஐந்து விரல் தடமும் இன்னும் கன்றிப்போய் இருக்கின்றன. சிப்பி கிழித்து உள்ளங்காலில் தையல். அவர், அவ்வளவு பெரிய நீச்சல்காரர், கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். இப்போது காய்ச்சலில் படுத்திருக்கிறார். அங்கே கூப்பிட்டால் கேட்க ஒரு வீடு கிடையாது, படகு கிடையாது, தெரியும் இல்லையா?

கடல் ஏறி இறங்கும் நேரம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறோம். தேர்வில் கேட்கிறோம், எழுதாதவனுக்கு மதிப்பெண் குறைக்கிறோம். முகாமில் நாம் போன அன்று தண்ணீர் நன்றாக வற்றியது பதினொரு மணிக்கு. அதனால் பத்துக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வந்தது சரியாக இருந்தது. அந்த ஒரு நாளுடைய நேரத்தை எல்லா நாளைக்கும் உரிய நேரமாக உன் திட்டத்தில் எழுதி, அதை அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தும் விட்டார்கள். நாளைக்கு எட்டு மணிக்கே வற்றிவிடும். நீ இறங்கும்போது கடல் ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் திரும்புவதற்கு முன்பே கழுத்து முழுகிவிடும். அத்தனை பூகோள ஆசிரியர்கள் உட்கார்ந்து கைதட்டினோமே, ஒருத்தருக்காவது உறைத்ததா?

எனக்கும்தான் உறைக்கவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு பாராட்டு சொல்லிவிட்டு ஒரு குறை சொல்ல வேண்டும் என்று முகாமில் விதி வைத்தார்கள். நான் பாராட்டை விழுங்கிவிட்டு, "வரைபடத்துல வடக்குக்குறியே இல்ல, இதுகூடவா மறந்துபோகும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து அவர்களுக்கெல்லாம் நான் வடக்குக்குறி டீச்சர், உனக்கு யாரோ எவளோ. இப்போதும் இவள் வயிற்றெரிச்சலில் கிளப்பிவிடுகிறாள் என்றுதான் நினைப்பாய். வயிற்றெரிச்சல் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்? நீ மேடையேறிப் பரிசு வாங்கியபோது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வயிற்றெரிச்சலுக்கு யாரும் காலில் தையல் போடமாட்டார்கள், அம்மா.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். நீ பத்து மணிக்குப் போய் நிற்கும்போது கழுத்து காய்ந்துதான் இருக்கும். இன்று எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், தலைமையாசிரியர் உன்னைப் பார்ப்பார். நீ அந்தக் காய்ந்த மணலைப் பார்த்து, புளுகியிருக்கிறாள் பாவி என்று முனகிக்கொண்டே இறங்கிவிடுவாய்.

என்னை நம்பவே வேண்டாம். ஒன்று மட்டும் செய். பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார வை. தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் காத்திரு. அது எவ்வளவு நேரத்தில் நனைகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று பிள்ளைகளையே அளக்கச் சொல். அதிகாரிகளிடம் அதுதான் இன்றைய பாடம் என்று சொல்லிவிடு. உன் வாய் சாமர்த்தியத்துக்கு அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நாம் இருவரும் ஆசைப்பட்ட அந்தப் பயிற்சியாளர் பதவி உனக்கே கிடைக்கட்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உன் சின்ன மகளும் நாளைக்கு வருகிறாள் இல்லையா? முகாமின் கடைசி நாள் உன்னை அழைத்துப் போக வந்தவள், என் பக்கத்தில் ஒட்டி நின்று, "ஆன்ட்டி, நான் உங்க தோள் வரைக்கும் வந்துட்டேன்" என்று உயரம் பார்த்தாள். இன்று தண்ணீர் எனக்கு நெஞ்சு வரை இருந்தது. அவளுக்கு எதுவரை இருக்கும் என்று நீயே கணக்குப் பார்.

காலையில்தான் விடுவேன், அதுவும் நேராக வீட்டுக்குத்தான் என்கிறார் டாக்டர். நான் கரைக்கு வருகிறேன். இங்கிருந்து முதல் பேருந்து பத்தரைக்குத்தான் அங்கே வரும். அந்த அரை மணி நேரம் மட்டும் எனக்காகப் பொறுத்துக்கொள். நான் நொண்டிக்கொண்டு வந்து இறங்கும்போது நீங்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தால், பிள்ளைகள் முன்னால், அதிகாரிகள் முன்னால் என்னைத் திட்டித் தீர்த்துவிடு. வடக்குக்குறிக்கும் சேர்த்துத் திட்டு. வாயே திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிக் கூட்டிக்கொண்டு வரும் அத்தனை பேரையும் எண்ணி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ.

உன்மேல் கோபம் இன்னும் தீராத,
வடக்குக்குறி