விட்டுப்போன ஷரத்து

ஐப்பசி 9, செவ்வாய்.

என்னைச் செருப்பால அடிக்கணும். இத்தனை வருஷமா செஞ்சியில பத்திரம் எழுதுறேன், இப்படி ஒரு தப்பு பண்ணினதில்ல.

தொண்டூர்ல ஒரு அம்மா, இருக்கிற ஒரே வீட்ட மகன் பேருக்கு எழுதி வைக்கிறாங்க. தன் ஆயுசு வரைக்கும் அந்த வீட்லதான் இருப்பேன்னு ஒரு ஷரத்து போடச் சொல்லியிருந்தாங்க. நான் போன வாரம் வேற யாருக்கோ அடிச்ச பத்திரத்தையே எடுத்து, பேரையும் நாலு எல்லையையும் மாத்தினேன். அதுல அந்த ஷரத்து கிடையாது. சேர்க்க மறந்துட்டேன்.

இன்னைக்குப் பத்திர ஆபீஸ்ல டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. அவசரத்துல எல்லை வரைக்கும் படிச்சுக் காட்டிட்டு நிறுத்திட்டேன்.

"நான் சொன்னத எழுதிட்ட இல்ல கண்ணு?" அந்தம்மா கேட்டாங்க.

"எழுதியாச்சும்மா." பாக்காமலே சொன்னேன். கைநாட்டு வச்சாங்க. பதிவாயிடுச்சு.

சாயங்காலம் நகலைப் பாத்தப்பதான் அந்த ஷரத்து விட்டுப்போனது தெரிஞ்சுது. உடனே அந்தம்மா மகனுக்குப் போன் போட்டேன். பிழைதிருத்தல் பத்திரம் ஒண்ணு போட்டுடலாம், நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்கன்னு கெஞ்சினேன்.

"அம்மா எங்கூடதான இருக்குது? இப்ப இன்னா அவசரம்க்கா?"

"அவங்க கேட்டது அது ஒண்ணுதானப்பா."

அவன் மெதுவா சொன்னான்.

"நேத்து நீங்க போன்ல அனுப்பின பத்திரத்துலயே அது இல்லியேக்கா. நான் படிச்சேனே."

வச்சுட்டான்.

அந்தம்மா என்னைக் கேட்டப்போ, இவன் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தான்.