ஏழாம் எண் குழந்தை

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டு விட்டு. முடிச்சூர்ப் பக்கம் ஏரிக்கரை உடைந்து இன்றோடு மூன்றாவது நாள். பள்ளிக்கூடம் இப்போது பள்ளிக்கூடம் இல்லை, முகாம். எட்டு வகுப்பறையிலும் குடும்பங்கள். என் நான்காம் வகுப்பு கரும்பலகையில் யாரோ ஈரப் புடவை காயப்போட்டிருக்கிறார்கள்.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளைகள் உன் பொறுப்பு என்றார். வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இருக்காதாம். கல்யாணம் ஆகாதவளுக்கு அடுப்பு தானாக எரிகிறது, அம்மாவின் மாத்திரை தானாக வாய்க்குள் போகிறது. சொல்லவில்லை. சரி சார் என்றேன்.

பிள்ளைகள் ஒன்பது பேர். படகிலும் லாரியிலும் யார் யாரோ தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தவை. இதற்குப் பட்டியல் மட்டும் நான்கு: ரெவின்யூ ஆபீஸ் ஒன்று, சர்ச் கமிட்டி ஒன்று, மகளிர் சங்கம் ஒன்று, கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்காரர்கள் ஒன்று. ஒன்றோடு ஒன்று பொருந்தாது. ரெவின்யூ பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். பிள்ளைக்குப் பெயரே கிடையாது, 'குழந்தைகள் 3' என்று போட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்து ஐந்தாவதாக ஒரு நோட்டு போட்டேன். எண், வயது உத்தேசம், எங்கே கிடைத்தது, என்ன உடுத்தியிருந்தது. பெற்றோர் என்று யார் வந்தாலும் முதலில் உடுப்பைச் சொல்ல வேண்டும். பிறகுதான் பிள்ளையைக் காட்டுவேன். அவிழ்த்த துணியைத் துவைத்து, எண் தைத்து, மூட்டையாக வைத்திருக்கிறேன்.

எண் 7. பெண். மூன்று வயது இருக்கலாம். வாய் திறக்கவில்லை. பச்சைப் பாவாடை, கொக்கி போன இடத்தில் ஊக்கு. இடது காலில் கறுப்புக் கயிறு. என் முந்தானையைப் பிடித்தபடியே தூங்கிற்று.

நாளை: பால் பவுடர். பேன் மருந்து. குன்றத்தூர் முகாமுக்கு போன் செய்து அங்கே தனிப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்க. குடை ரிப்பேர்.

நவம்பர் 19, புதன்

முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். கோபம்தான்.

காலையில் போஸ்டாபீஸ் போனேன், குன்றத்தூருக்கு டிரங்க் கால் போட. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து லைன் கிடைக்கவில்லை. பக்கத்து டீக்கடை ரேடியோவில் நிலாவில் இறங்கினவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நிலாவிலிருந்து பேசுகிறார்கள். தாம்பரத்திலிருந்து குன்றத்தூருக்குப் பேச முடியவில்லை.

திரும்பி வந்தால் வராந்தாவில் ஒன்பது மொட்டைத் தலை. ஒன்பதுக்கும் ஒரே மஞ்சள் கவுன், பையன்களுக்கும்கூட. மகளிர் சங்கத்து அம்மாக்கள் காரில் வந்து, நாவிதரையும் போட்டோகிராபரையும் கையோடு அழைத்து வந்து, குளிப்பாட்டி, காலிலும் அரையிலும் இருந்த கயிற்றை அறுத்து, போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். என் துணி மூட்டை பின்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி எரிகிறது.

கஞ்சி அண்டாவைப் பார்த்துக்கொள்ளும் பாய், தார்ப்பாய்க் கடைக்காரர், எவ்வளவோ தடுத்துப் பார்த்தாராம். நம்பர் தைத்திருக்கிறது, டீச்சரம்மா வரட்டும் என்றாராம். நீங்கள் அண்டாவைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தலைவி அம்மாள் என்னிடம் சிரித்தாள். "அத்தனையும் பேன், டீச்சர். கிருமி. நீங்க எங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்."

பெற்ற தாயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டுத் தேங்க்ஸ் வேண்டுமாம். அது பேன் மூட்டை இல்லை, அந்தப் பிள்ளைகளின் விலாசம் என்றேன். புரியவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பிள்ளைகள் என்ன பாவம் செய்தன.

நவம்பர் 20, வியாழன்

வெயில். எட்டு நாளைக்குப் பிறகு.

ஆர்.ஐ. வந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், முகாம் முழுக்க அவர் கையில். திங்கட்கிழமை பள்ளி திறக்க மேலிடத்து உத்தரவு, அதற்குள் பிள்ளைகளை 'டிஸ்போஸ்' பண்ணுங்கள் என்றார். அதே வார்த்தை. பழைய பேப்பரா?

மதியம் ஒரு புருஷன் பெண்சாதி. ஏழுமலை, பச்சையம்மாள். கல் குவாரி வேலை. வெள்ளத்தில் மகள் கை நழுவிப் போய்விட்டாளாம், மூன்று வயது. நான் நோட்டை மூடி வைத்துக்கொண்டு உடுப்பைக் கேட்டேன். பாவாடை என்றான். என்ன நிறம்? பச்சையா நீலமா, தண்ணி வந்த வேகத்தில் என்னத்தைப் பார்த்தேன் என்றான். மூட்டை இருந்திருந்தால் நாலு பாவாடையை முன்னால் போட்டு எது என்று கேட்டிருப்பேன்.

அதற்குள் ஆர்.ஐ. ஏழாம் எண்ணைத் தூக்கி வரச் சொல்லிவிட்டார். ஏழுமலை அந்த மொட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பச்சையம்மாள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு அவளும் அழுதாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்றேன். ஆர்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். "எந்த அப்பனுக்கும்மா பொண்ணோட பாவாடைக் கலர் தெரியும்? உங்க அப்பாவுக்குத் தெரியுமா? பெத்தவ அழறா பாருங்க, இதைவிட என்ன சாட்சி?"

ஏழுமலை கைநாட்டு வைத்தான். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். ஊரப்பாக்கத்தில் அவன் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள்.

உண்மையை எழுத வேண்டுமென்றால், ஒரு எண் குறைந்ததே என்ற நிம்மதி எனக்கும் இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

3, 4, 9 போயாயிற்று. மூன்றும் பேசத் தெரிந்த பிள்ளைகள், தாங்களே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. சந்தேகமில்லை.

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. ஒன்பது மொட்டை, நடுவில் தலைவி அம்மாள். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று ஸ்டாப் ரூமில் சொன்னார்கள்.

அம்மாவுக்கு இருமல். முகாமில் இருப்பதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறேனாம்.

நவம்பர் 22, சனி

காலை பத்து மணி. கையில் மாவுக்கட்டுடன் ஒருத்தி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே. பெயர் சரோஜா. மூச்சு வாங்கியபடியே, நான் கேட்கும் முன்னால், "பச்சப் பாவாட டீச்சர், கொக்கி இல்ல, ஊக்கு குத்தி வுட்டிருந்தேன். லெப்ட்டு கால்ல கவுறு" என்றாள்.

நோட்டைத் திறக்கவே தேவையில்லை.

வியாழக்கிழமையே வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டோம் என்று அவளிடம் சொன்னேன். பாய்தான் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தார். கஞ்சியைத் தொடவில்லை.

ஆர்.ஐ. வீட்டுக்கே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். பிறகு, ஏதோ ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது, அதைப் பிடுங்கப் போகிறீர்களா என்று என்னையே கேட்டார். ஒரு பிள்ளை போனால் இன்னொன்று. அவருக்கு எண்ணிக்கை சரியாக வந்தால் போதும். கையை ஓங்கியிருப்பேன், அவர் மனைவி மோர் கொண்டுவந்து நின்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம்.

பாய், சரோஜா, நான். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, விசாரித்து விசாரித்து. ஓலை வீடு. பச்சையம்மாள் இடுப்பில் பிள்ளை.

என் பொண்ணுதான் என்று ஏழுமலை குறுக்கே வந்து நின்றான். பாய் அவன் தோளில் கை வைத்தார். சரோஜா சண்டை போடவில்லை. "வள்ளி" என்றாள், அவ்வளவுதான். ஒரு வாரமாக வாய் திறக்காத பிள்ளை வீறிட்டது. பச்சையம்மாளே இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை, நம்பியிருக்கிறான். மொட்டை அடித்து ஒரே கவுன் மாட்டினால் மூன்று வயதுப் பிள்ளை எல்லாம் ஒரே பிள்ளைதான்.

அப்போதுதான் பச்சையம்மாள் குரலை முதல் தடவையாகக் கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் டீச்சரம்மா. மடியில வாங்கறப்பவே முதுவத் தடவிப் பாத்தேன். எம் பொண்ணுக்கு சுடுதண்ணி பட்ட வடு கீது."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

"என்னிய யாரு கேட்டீங்க? அவர கேட்டீங்க. கைநாட்டும் அவருகிட்டதான் வாங்குனீங்க. அவரு பொண்ணு போன துக்கத்துல ரயில்ல வுயப் போனவரு. இதுவும் இல்லன்னு நானே எப்பிடிச் சொல்லுவேன்?"

அழவில்லை. என் கைப்பையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப எம் பொண்ணு பேர எய்திக்க. அஞ்சல. நீலப் பாவாட."

நோட்டை எடுத்தேன். எழுத இடமில்லை. அதில் இருப்பதெல்லாம் கிடைத்த பிள்ளைகளுக்கான கட்டங்கள். காணாமல் போன பிள்ளைக்கு நான் ஒரு பக்கம்கூட விடவில்லை. சர்க்கார் கணக்கில் அஞ்சலை வியாழக்கிழமையே கிடைத்துவிட்டாள். மூன்று நாளாக அவளை யாரும் தேடவில்லை.

ஆர்.ஐ.யை, சங்கத்து அம்மாக்களைப் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினேனே. கதவோரம் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்க எந்த உத்தரவு என்னைத் தடுத்தது?

கடைசி அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அஞ்சலை. 3. நீலப் பாவாடை. முதுகில் வடு.

நவம்பர் 24, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. பெனாயில் நாற்றம். மீதிப் பிள்ளைகளை சர்ச் ஹாலுக்கு மாற்றினேன். 'அனைத்துக் குழந்தைகளும் ஒப்படைக்கப்பட்டன' என்று ஆர்.ஐ. ஒரு தாள் நீட்டினார். கையெழுத்துப் போடவில்லை. மெமோ வரும் என்றார். வரட்டும்.

ஹெட்மாஸ்டரிடம் அரை நாள் லீவு. விடியற்காலையே ஊரப்பாக்கத்திலிருந்து நடந்து வந்துவிட்டாள் பச்சையம்மாள். அவளை வாசல் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு போஸ்டாபீஸ் உள்ளே போனேன். இன்று லைன் உடனே கிடைத்தது.

குன்றத்தூர் முகாமில் ஒரு ஆயா பேசினாள். ஆமாம், இருந்தது, மூன்று வயசு, முதுவில் வடு, நானே எண்ணெய் போட்டேன் என்றாள். ஐந்து நாள் வைத்திருந்தார்களாம். தேடி யாரும் வராததால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வளர்க்கிறோம் என்று வந்தவர்களிடம் கொடுத்துவிட்டார்களாம். விலாசம் கேட்டேன். குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் வியாழக்கிழமை மதியம் அவளைக் கேட்டிருந்தால் போதும்.

போஸ்டாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மரத்தடியில் அவள் எழுந்து நின்று என்னையே பார்க்கிறாள். குன்றத்தூர் பஸ் வந்து நிற்கிறது. அவளையும் அழைத்துக்கொண்டு ஏறப் போகிறேன்.