பதினாலு பேருக்கும் அஞ்சு

பிப்ரவரி 11, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்றைக்கு எம்.ஏ. பிள்ளைகள் பதினாலு பேருக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். அதில் பதினோரு பேர் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை.

நான் மார்க் போடுகிற ஆளா? ஆறாங்கிளாஸோடு நின்றவள். திண்டிவனம் ரோட்டில் இருக்கிற இந்தக் காலேஜில், பொது நிர்வாகத் துறைக்கு அட்டெண்டர். மணி அடிப்பேன், ஃபைல் தூக்குவேன், டீ ஊற்றுவேன். போன வாரம் துறைத் தலைவி பிரபாவதி மேடம் கூப்பிட்டார்கள்.

"பாஞ்சாலி, இந்தப் படிப்பை முடிக்கிறவங்களுக்கு இன்னின்னது செய்யத் தெரியணும்னு எட்டு விஷயம் எழுதி வச்சிருக்கோம். நாலாவது, சாதாரண ஜனங்களுக்கு அரசாங்க நடைமுறையை விளங்க வைக்கறது. அது வந்திருக்கான்னு பாக்கணும். வெளியிலிருந்து நிபுணரைக் கூப்பிட்டா அவருக்கு எப்படிச் சொன்னாலும் விளங்கிடும். நீதான் சரி."

"விளங்காததுல நான்தான் மேடம் நிபுணர்" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

கேஸும் என்னுடையதே. வீட்டுக்காரர் போய் மூணு வருஷம். வீட்டு மனை இன்னும் மாமனார் பேரில், கொழுந்தனார் பங்கோடு ஒண்ணாகக் கிடக்கிறது. என் பங்கைப் பிரித்து என் பேரில் பட்டா வந்தால்தான் வீடு கட்டுகிற லிஸ்டில் பேர் ஏறும் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போது இருப்பது தகரக் கூரை. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே அரை மணி நேரம் பெய்யும்.

இதற்கு நான் என்ன செய்யணும் என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் சொல்ல வேண்டும். நான் ஒண்ணிலிருந்து அஞ்சுக்குள் போட வேண்டும்.

கோலியனூர் தென்னரசு வந்தான். முப்பது வயசு. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், இவன் இன்னும் ஹால் டிக்கெட் பார்க்கிறான். மேடை மாதிரி பேசினான். அதிகாரப் பரவலாக்கம் என்றான், குறைதீர் அமைப்பு என்றான். நான் தலையாட்டினேன். இருபத்திரண்டு வருஷ அட்டெண்டர், தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

கடைசியில் காணையிலிருந்து வருகிற அஸ்வினி. நாலே வரி சொன்னாள், எலி கீச்சுகிற மாதிரி. அப்புறம், "நீங்க ஒருவாட்டி திருப்பிச் சொல்லுங்கக்கா" என்றாள். எனக்கு வரவில்லை. "என்னையே பரீட்சை வைக்கிறியா பாப்பா? ஃபெயிலானா உங்க வீட்ல சேத்துக்குவியா?" என்று கிண்டல் பண்ணி அனுப்பிவிட்டேன். பாவம், ஒரு சீட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். அதை மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

விளங்கல என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? கூச்சம். வேறென்ன.

பிப்ரவரி 12, புதன்

மேடம் முகம் சரியில்லை. "எல்லாருக்கும் அஞ்சா? யாருக்கு வந்திருக்கு, யாருக்கு வரலன்னு இதை வச்சு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"பிள்ளைங்க பாவம் மேடம்."

"பாவம்தான். நாளைக்கு அவங்க ஒரு ஆபீஸ்ல உக்காந்தா, எதிர்ல நிக்கறவங்க?"

டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினாலு பேர் சொன்னதில் என் மனசில் நின்றது தென்னரசு சொன்ன ஒரு வரிதான். "திங்கக்கெழம மனு நாள். நேரா கலெக்டர்கிட்ட குடுத்துடுங்கக்கா, மேலேருந்து கீழ ஓடியாரும்." லீவு போட்டு, காலை ஏழு மணி பஸ்ஸில் விழுப்புரம் போனேன். வெளியில் ஒருத்தரிடம் மனு எழுதி வாங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் பெஞ்சாதி மேல் புகார், பின்னால் நின்றவள் புருஷன் மேல் புகார் என்று மனு வைத்திருந்தார்கள். இரண்டு பேரையும் பேச வைத்து நேரத்தை ஓட்டினேன்.

மேஜையில் இருந்த அம்மா மனுவைப் படித்துவிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். "இதுக்கு நீங்க இவ்ளோ தூரம் வரவேணாம்மா. இ-சேவை மையத்துல பதிஞ்சா திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போயிடும், சர்வேயர் வந்து அளந்து பிரிப்பாரு. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொன்னாங்களே! பதினாலு பேரு சொன்னாங்களே! பதினாலு பேருக்கும் அஞ்சு போட்டு அனுப்பினவ நானு!

பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேன். விக்கிரவாண்டி வரைக்கும் அவனத் திட்டினேன். அதுக்கு அப்பால என்னைத் திட்டினேன். இன்னாத்துக்குத் தலையாட்டின? இன்னாத்துக்கு?

பிப்ரவரி 18, செவ்வாய்

கால் வீக்கம். ஸ்டாஃப் ரூமில் சர்க்கரை போட மறந்து டீ கொடுத்துவிட்டேன். மூணு பேர் குடித்துவிட்டு நல்லாருக்கு என்றார்கள். இவங்களும் என் ஜாதிதான்.

பிப்ரவரி 20, வியாழன்

பஸ்ஸுக்குச் சில்லறை தேடும்போது அஸ்வினி சீட்டு கையில் வந்தது. பெரிய எழுத்தில் நாலு வரி. வாரிசு சான்றிதழ், பழைய பட்டா, ஆதார் எடுத்துக்கொள்ளவும். இ-சேவை மையத்தில் உட்பிரிவோடு பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லவும். மனு எண் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். சர்வேயர் வரும் நாளில் கொழுந்தனார் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் இ-சேவை மையத்துக்குப் போனேன். நம்பர் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. நாற்பது நிமிஷம்.

இது ஒன்பது நாள் என் பர்ஸிலேயே இருந்திருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினதையும். திட்டுவார்கள் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு என்னுதுதான். விளங்குச்சான்னு கேட்டா யாரு இல்லன்னு சொல்லுவா?" என்றார்கள்.

திரும்ப வைக்கப் போகிறார்கள். இந்தத் தடவை மார்க் நான் போட வேண்டாம். பிள்ளைகள் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்வதை மேடம் எழுதிக்கொண்டு அதைப் பார்த்து மார்க் போடுவார்கள். அஸ்வினி கேட்டதேதான். நான்தான் கிண்டல் பண்ணி விரட்டினேன்.

பிப்ரவரி 26, புதன்

முடிந்தது. எட்டு பேர் மூணுக்குக் கீழே. அஸ்வினிக்கு அஞ்சு. தென்னரசுக்கு ஒண்ணு. அவன் பேசி முடித்ததும் நான் வாயைத் திறந்தால் "அரசாங்கம் கீழே வருதாம் மேடம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் மணிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "ஆறாங்கிளாஸ் படிச்ச நீங்க எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கறீங்களாக்கா?"

"நீ குடுத்ததைத்தான் தம்பி நான் திருப்பிக் குடுத்தேன். அவ்ளோதான் இருந்துது."

"உங்களுக்குப் புரியலன்னா அது என் தப்பா?"

மணிய அடிச்சேன், பெரிசா அடிச்சேன். ஆறாங்கிளாஸாம். ஆமாய்யா, ஆறாங்கிளாஸுதான். விழுப்புரத்துல வெய்யில்ல நின்னது உன் எம்.ஏ. இல்ல, இந்த ஆறாங்கிளாஸு கால்தான்!

மார்ச் 4, செவ்வாய்

பிரின்சிபால் ரூமுக்கு டீ கொண்டுபோனபோது காதில் விழுந்தது. "போன வருஷம் தேறினது தொண்ணூத்தெட்டு சதவீதம். இந்த வருஷம் நாப்பத்திமூணா? காலேஜுக்கு கிரேடு போடற கமிட்டி வர்ற நேரத்துல இதுவா? முதல்ல போட்ட ஷீட்டையே அனுப்பிடுங்க மேடம்." என்னைப் பார்த்ததும், "இதுதான் அந்த எக்ஸாமினரா?" என்றார். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன்.

துறைக்குத் திரும்பி வந்து மேடம் இரண்டு ஷீட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் முதல் ஷீட்டை நாலாகக் கிழித்து என் கையில் கொடுத்தார்கள். குப்பையில் போட்டேன். நான் போட்ட எழுபது மார்க்.

மார்ச் 12, புதன்

மூணுக்குக் கீழே வாங்கினவர்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. பேச்சு கிடையாது. ஒரு ஆளின் மனுவோடு கூடவே போய் முடித்துவர வேண்டும். தென்னரசுக்கு விழுந்தது நான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் பேஜார்.

மார்ச் 27, வியாழன்

பதினஞ்சு நாளாக என்னோடு தாலுகா ஆபீசுக்கு நடக்கிறான். இன்றைக்கு ஒரு கவுண்டரில் நின்றுவிட்டு வந்து, "அவரு சொன்னது எனக்கே புரியலக்கா" என்றான். அவனே திரும்பிப் போய், "சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவை கூடச் சொல்லாத வார்த்தை.

ஏப்ரல் 9, புதன்

சர்வேயர் வந்தார். கொழுந்தனார் முறைத்துக்கொண்டு நின்றார். தென்னரசு அவரிடம் போய், "மாமா, உங்க பங்கு ஒரு அடி கூடக் குறையாது. நடுவுல கோடு போடறாங்க, ஆளுக்கு ஒரு பட்டா, அவ்ளோதான்" என்றான். ஒரு அதிகாரமும் பரவலாகவில்லை. கொழுந்தனார் அதை அப்படியே தம் பெஞ்சாதியிடம் திருப்பிச் சொன்னார். கையெழுத்தும் போட்டார். மேடத்துக்குப் போன் பண்ணித் தென்னரசுக்கு அஞ்சு என்றேன்.

பிறகு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்த தென்னரசு, குளிக்கிற தண்ணீர் போய்ச் சேருகிற குழிக்குள் இடுப்பு வரை இறங்கினான். டேப்பை விடவில்லை. சர்வேயர் அளவைப் படித்து எழுதிக்கொண்டார். குழி என் பங்கில்தான் வருகிறது.