பொண்ணு ரூம் ஜன்னல்

என்னங்க,

நம்ம பொண்ணு இன்னும் வீடு திரும்பலை. அவ சிநேகிதிங்க வீட்டுல விசாரிக்கப் போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு. எங்க போனாலும் கதவைப் பூட்டாதீங்க.

தெருவைப் பார்க்கக் கூடாதுன்னு அவ ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடிச்சீங்களே, அதை நீங்களேதான் சுரண்டணும். பிளேடு வெச்ச சுரண்டி வாங்கி ஜன்னல்கிட்டயே வெச்சிருக்கேன். சோப்புத் தண்ணி தடவிட்டு, பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவாத் தள்ளுங்க. உங்க கோபத்தைக் காட்டினா கண்ணாடி கீறிடும்.

அவ வந்தா விளக்கு தெருவிலிருந்தே தெரியணும். இருட்டா இருந்தா அப்படியே திரும்பிப் போயிடுவா. உங்க வீம்புதானே அவளுக்கும்!

பி.கு.: கீழ் மூலையில ஒரு கண்ணு அளவுக்கு நகத்தாலயே சுரண்டி வெச்சிருக்கா. குனிஞ்சு அதுல கண்ணை வெச்சுப் பாருங்க. அப்புறம் சாப்பிடுங்க.