பாய்க்குள் வெளுத்த மாங்கன்றுகள்

திருப்பாலைவனம் அங்காளம்மாளுக்கு ஈசன் துணையிருக்க, சாவகத்துப் பத்தாவியாவிலிருந்து உன் வீட்டுக்காரன் உலகநாதன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நைனாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. இங்கே கும்பினித் தோட்டத்தில் நடப் பழவேற்காட்டிலிருந்து கொண்டுவந்த முப்பது மாங்கன்றுகளையும், உப்புக்காற்று ஆகாதென்று நம் ஊர் வழக்கப்படி ஓலைப்பாயால் மூடிவைத்தேன். இலைகள் வெளுத்துவிட்டன. தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றியும் நாலுதான் மிச்சம்.

தோட்டத்து ஒல்லாந்தத் துரை ஓர் இலையைக் கிண்ணத் தண்ணீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தார். முத்து முத்தாய்க் குமிழ் வந்தது. பாயால் மறைத்ததும் நின்றுவிட்டது.

"வெளிச்சத்துலதான் இலை சோறாக்குதாம். வெறும் தண்ணி இன்னா பண்ணும்னு கேக்கறாரு" என்றான், போன கப்பலில் வந்த, ஒல்லாந்து பாஷை தெரிந்த நம்மூர் மாரி.

இந்த நாலும் பட்டுப்போனால் என்னை ஊருக்கு அனுப்பமாட்டார்களாம். பாயை எடுத்துவிட்டு, தினமும் ஓர் இலையைக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுப் பார்க்கிறேன். நேற்று மூன்று குமிழ், இன்று ஒன்று.

மாங்கொட்டை கிடைத்தால் ஈரமண்ணில் புதைத்துக் கொடுத்தனுப்பு. ஒரு பழைய புடவையும் வை, போர்த்திக்கொள்ள.

நான் போனதிலிருந்து நீ கதவைச் சாத்திக்கொண்டு இருட்டிலேயே கிடக்கிறாயென்று மாரி சொன்னான். கப்பல் கிளம்புகிறது, அங்காளம்மா. எழுந்து வெயிலுக்கு வா.