ஒவ்வொரு மாதமும் அதே பதில்

அன்புள்ள அக்கா,

நேற்று ஈப்போவில் ஒரு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கென்று ஒரு அம்மா ஞாபகசக்தி மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் உன் நினைவு வந்துவிட்டது.

செமோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், உன் நிரையில் எந்த மரம் எவ்வளவு பால் தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அறுபத்தெட்டு வயதில் அதெல்லாம் நழுவத் தொடங்கியது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாய், பிறகு வீட்டுக்கு வரும் வழியை. மறதிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உன் சார்பில் நான் கையெழுத்திட்டேன். ஆனாலும் அங்கிருந்த டாக்டர் பெண் மாதாமாதம் உன்னிடமே கேட்பாள்.

“ஆன்ட்டி, இந்த மருந்து வேல செய்யுமான்னு இன்னும் தெரியாது. உங்களுக்குக் கெடைக்கிறது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையாகூட இருக்கலாம். சம்மதமா?”

“எனக்கு ஒதவலன்னா என்னா, பின்னால வர்றவங்களுக்கு ஒதவும்லா. குடுங்க.”

போன மாதம் அவள் கேட்டதும் நீ சொன்னதும் உனக்கு நினைவிருக்காது. அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள் போல யோசிப்பாய். பிறகு அதே பதில்.

ஏழாம் மாதம், ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். எனக்குத் தாங்கவில்லை. “போதும்க்கா, வா, வீட்டுக்குப் போலாம்” என்று எழுந்துவிட்டேன். நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய்.

“நீங்க யாரு தம்பி? டாக்டர் கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலையே.”

சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, ஒரு சொல் மாறாமல் அதே பழைய பதிலைச் சொன்னாய். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நீ இறந்துபோன பிறகு, ஆய்வு முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். உனக்குக் கொடுத்தது வெறும் மாத்திரைதானாம். “அங்கிள், அதச் சாப்பிட்டவங்க இல்லன்னா, மருந்து வேல செஞ்சிச்சான்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. மாதாமாதம் நீ சொன்ன அதே பதில் எந்த மருந்தாலும் வந்ததில்லை என்பதுதான் மலைப்பாக இருந்தது.

இப்போது எனக்கும் தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென்று வருவதில்லை. முன்போல அதற்கு நடுங்குவதில்லை. அந்த ஏழாம் மாதம், பஞ்சு ஒட்டிய கையோடு நீ பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாய்.

“ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க தம்பி? வாங்க, உக்காருங்க.”

யாரென்றே தெரியாத ஒருவனுக்கு இடம் விட்டாய், அக்கா. நான் உட்கார்ந்தேன்.