அந்தக் குழம்பு பவுலினா வைத்ததல்ல

இயேசு மரி சூசை துணை

ஓசூர்
22-1-1969, புதன் இரவு

அருள் அண்ணாவுக்குப் பவுலினா எழுதுவது, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உன் அறையில் இருக்கும் ஜான்பீட்டர் அண்ணனுக்கும் காட்டாதே, அவர் தன் வீட்டுக்கு ஒரு வரி எழுதினால் அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா எதிரில் உட்கார்ந்து நான் எழுதிய கடிதம் உனக்கு இதற்குள் வந்திருக்கும். அதில் அம்மா சொல்வதாக இருப்பதெல்லாம் அப்பா சொன்னது. இதுதான் அம்மா சொல்வது. அப்பா கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டு வருவதற்குள் முடிக்க வேண்டும், அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா நாளைக் குழம்புக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டே சொல்கிறாள். இனி நான் என்று வருவதெல்லாம் அம்மா. நடுவில் நான் பேசினால் சொல்லிவிட்டுப் பேசுகிறேன்.

அன்பு மகன் அருள்ஜோசப்புக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். பிலாய் இரும்பாலையில் இருக்கும் உன் உடம்பும் நன்றாக இருக்கத் தேவமாதாவை தினமும் வேண்டுகிறேன், அதில் எனக்குக் கோபம் கிடையாது. சின்னவன்கள் இருவருக்கும் பொன்னுக்கு வீங்கி வந்து இறங்கிவிட்டது. உன் அப்பாவைப் பெங்களூர் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள், விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுகிறார். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பொங்கலுக்குக் கரும்பும் வெல்லப் பூரணம் வைத்த ஒப்பட்டும் கொடுத்து உன்னை விசாரித்தாள். விசாரித்தவர்களுக்கெல்லாம் உன்னைப் பெருமையாகச் சொல்லி வந்த வாய் இது, இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பத்து நாளைக்கு முன் உன் கடிதம் வந்தது. உன் அப்பா அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். அம்மா வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் வாய்க்கு ருசியாக ஒன்றும் இல்லை, பவுலினாவுக்கு நல்ல கைப்பக்குவம் இருக்கிறது, பத்தாவது வரை படித்தது போதும், அவளை நிறுத்திவிட்டு அடுப்படியை அவளிடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா, "தூரத்துல இருந்தாலும் எம் மவனுக்கு ஊட்டு நெனப்புதான் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து பவுலினா பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன். "பெரியவன் சொன்னது, அவனே நிறுத்த வேணாம்னா உட்டுடறேன், நீ சொல்லி ஆவாது" என்றார்.

வாய்க்கு ருசி இல்லை என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? மூன்று மணிக்கு எழுந்து உன் அப்பாவுக்கு ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து தூக்குச்சட்டியில் வைக்கிறேன். ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பழைய களியை மோரில் கரைத்து, சுட்ட மிளகாயும் வெங்காயமும் நசுக்கிப் பச்சைப்புளிச் சாறு செய்து மூடிவைத்துவிட்டு ஏழு மணிக்குப் பட்டுக்கூட்டில் நூல் எடுக்கும் கொட்டகையில் போய் உட்காருகிறேன். அங்கே நாள் முழுக்கக் கொதிதண்ணீரில் விரல் கிடக்கிறது, அந்த விரலாலேயே சாயங்காலம் சுடச்சுடக் களி உருட்டுகிறேன். நெல்லுச்சோறு வாரத்துக்கு ஒரு நாள்தான், ரேஷன் கடையில் போடுகிற அரிசிக்கு அவ்வளவுதான் வரும். உன்னைப் படிக்கவைத்தது அந்தக் களிதான்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாயே, வந்து இறங்கிய அன்றைக்கு ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? தட்டை மூக்கருகே கொண்டுபோய், "இன்னாம்மா இது, களியில பூச்சி வேவற நாத்தம் அடிக்குது" என்று தள்ளிவைத்துவிட்டு ஓட்டலுக்குப் போனாய். சின்னவன்களும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் புளியையும் சாம்பலையும் போட்டுக் கையைத் தேய்த்தேன், வெடிப்பில் ரத்தம் வந்ததே தவிர நாற்றம் போகவில்லை. மறுநாள் கொட்டகையில் என் பக்கத்தில் நூல் எடுக்கும் வெங்கடம்மாளிடம் சொன்னேன். "உம் மவன் சீமையில பொறந்தானா ராணி? இந்த நாத்தத்துலதான அவன் காலுக்கு பூட்ஸு வந்துச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

(அண்ணா, இது பவுலினா. இங்கே அம்மா உன்னை ஒரு வார்த்தை சொன்னாள், நான் எழுதவில்லை. எழுதிட்டியா என்று கேட்டாள், எழுதிவிட்டேன் என்றேன்.)

அதன் பிறகு நீ வீட்டில் பத்து நாள் சாப்பிட்டாய் அல்லவா, பிதுக்குப்பருப்புக் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாயே, களி பூவாட்டம் இருக்கிறது என்றாயே, அதெல்லாம் யார் செய்தது என்று நினைத்தாய்? நான் செய்தேன். நீ எழுவதற்கு முன்பும், நீ கடைத்தெருப் பக்கம் போயிருக்கும்போதும் இதே கையால் செய்து மூடிவைத்துவிட்டு, பவுலினாவைப் பரிமாறச் சொல்லி நான் உள்ளே இருந்துகொண்டேன். பிள்ளை ஓட்டலில் தின்று வயிறு கெட வேண்டாம் என்றுதான். "பவுலி, நீயா வெச்ச?" என்று நீ கேட்டபோது அவள் என் பக்கம் திரும்பினாள், நான் ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன். "அம்மா கைக்கு உங் கை தேவலாம்" என்றாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. நான் செய்த ஏமாற்று என் பெண்ணின் புத்தகப்பையைப் பிடுங்கும் என்று அப்போது தெரியாது. உன் அப்பாவுக்கும் இது தெரியாது. தெரிந்தால் இரண்டு பேரும் கூடிக்கொண்டு எங்களை ஏமாற்றினீர்களா என்று தட்டு பறக்கும், என் வேலையும் நிற்கும்.

நீ மெச்சிய கைப்பக்குவக்காரி போன சனிக்கிழமை தானாகக் களி கிண்டினாள். உள்ளே மாவு வேகாமல் கட்டி கட்டியாக நின்றது, சின்னவன் ஒரு கட்டியை எடுத்துச் சுவரில் அடித்தான், அப்படியே ஒட்டிக்கொண்டது. (பவுலினா: அது உண்மைதான்.) கற்றுக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கற்றுக்கொடுக்கிறேன். அதற்குப் பள்ளிக்கூடத்தை விடவேண்டியதில்லை. வாய்க்கு ருசி வேண்டுமென்றால் நீயும்தான் கற்றுக்கொள்ளேன். பச்சைப்புளிச் சாற்றுக்கு அடுப்புகூட வேண்டாம், இரண்டு கையும் ஒரு சட்டியும் போதும், உனக்கு இரண்டு கை இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் அப்பாவுக்கு ஒரு கார்டு போடு, நான் யோசித்துப் பார்த்தேன், பவுலினா பதினொன்றாவதும் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கட்டும் என்று எழுது. குழம்பு யார் வைத்தது என்று அதில் எழுதாதே. எனக்கு மன்னிப்புக் கடிதமும் வேண்டாம், அதையும் இவள்தான் எனக்குப் படித்துக்காட்ட வேண்டும். அங்கே வெயில் ஏறுவதற்குள் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ரொட்டி தின்றால் நிறையத் தண்ணீர் குடி, ஜெபத்தை விடாதே. கோபமாகச் சொன்னாலும் என் ஆசீர்வாதம் உனக்குக் குறையாது. இப்படிக்கு உன் அம்மா மேரிராணி.

அண்ணா, இனி நான். எனக்குச் சமையல் பிடிக்காமல் இல்லை. கணக்கில் இந்த முறை வகுப்பில் நான்தான் முதல், அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன், உனக்கு வர ஐந்து நாள், உன் கார்டு இங்கே வர ஐந்து நாள். சாம்பல் புதன் பிப்ரவரி பத்தொன்பது. நீ இதைப் படித்த அன்றைக்கே

அப்பா கதவைத் தட்டுகிறார். அண்ணா, அன்றைக்கே போடு, மறுநாளைக்கு என்று